வீட்டில் எத்தனை பேர்

"அவள் உன்னை விட்டுட்டுப் போனாலும் நான்தான் உனக்குச் சோறு போடவேணுமோ?" என்று மச்சான் கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. அவர் தொழிலால் கணக்காளர். கையெழுத்துப் போடுவதற்கு முன் எதையும் இரண்டு முறை வாசிப்பவர். அவர் கையில் இருந்தது ஐ-864 என்கிற பத்திரம். அமெரிக்கக் குடிமகள் ஒருத்தி வெளிநாட்டுக் கணவனுக்கு நிரந்தர வதிவுரிமை கேட்டால், 'இவன் அரசாங்கத்துக்குச் சுமையாக மாட்டான், நான் தாங்குவேன்' என்று எழுதிக்கொடுக்கிற பத்திரம் அது. அவள் வருமானம் போதாவிட்டால் இன்னொருவர் கூடச் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அந்தப் பொறுப்பு எப்போது முடியும் என்பதையும் பத்திரமே சொல்கிறது: நான் குடிமகன் ஆனால், நாற்பது காலாண்டு வேலை என் கணக்கில் சேர்ந்தால், நாட்டைவிட்டு ஒரேயடியாகப் போனால், அல்லது செத்தால். விவாகரத்து அந்தப் பட்டியலில் இல்லை.

"ஆமா மச்சான், அப்படித்தான் போட்டிருக்கு" என்றேன்.

"கலியாணத்தைவிட உறுதியான பேப்பரா இருக்குதே" என்று சொல்லிவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்துத்தான் கையெழுத்து வந்தது. அதுவும் எங்களிடம் இல்லை. வருமான வரிக் கணக்கோடு சேர்த்து உறையில் ஒட்டி, நேராக வக்கீலுக்கே அனுப்பிவிட்டார். தங்கைக்கும் தங்கை புருஷனுக்கும் தன் சம்பளம் தெரிய வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். அதில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் ஊரில் அண்ணன் தம்பிக்கே தெரியாது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கிராமத்தான். 2018-ல் மேல்படிப்புக்கு டெக்சாஸ் வந்தேன். 2020-ல் முடித்ததும் டல்லாஸில் வேலை. படிப்பு முடிந்த மாணவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் வேலை செய்ய அனுமதி, பொறியியல் மாதிரியான படிப்பு என்றால் மேலும் இருபத்துநான்கு மாதம். மொத்தம் மூன்று வருடம். அதற்குள் எச்-1பி குலுக்கலில் பெயர் வரவேண்டும். வருடத்துக்கு 65,000 இடம், இங்கே முதுகலை படித்தவர்களுக்கு இன்னும் 20,000. 2023 வசந்தத்தில் அந்த 85,000 இடத்துக்கு ஏழரை லட்சத்துக்கும் மேல் பதிவுகள் வந்தன. எனக்கு அது மூன்றாவது முறை, கடைசி முறையும். வரவில்லை.

அவளை ஒரு நண்பனின் கல்யாணத்தில் 2021 கடைசியில் சந்தித்தேன். நியூ ஜெர்சியில் பிறந்தவள். பெற்றோர் பருத்தித்துறைக்காரர்கள், எண்பதுகளில் வெளிக்கிட்டவர்கள். அப்பா பல வருடம் முன்பே போய்விட்டார். 2022 ஆகஸ்டில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடதுபக்கம் விழுந்துவிட்டது. இவள் வேலைக்கு விடுப்புப் போட்டாள். நோயுற்ற பெற்றோரைப் பார்க்கப் பன்னிரண்டு வாரம் விடுப்பு எடுக்க 1993-ல் வந்த சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் அதற்குச் சம்பளம் கிடையாது. பன்னிரண்டு வாரத்தில் எந்தப் பக்கவாதம் சரியாகிறது? அதன்பிறகு வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை என்று ஆனது.

கல்யாணத்தை 2024 தை மாதம் ஊரில் வைப்பதாக இருந்தோம். அப்பா மண்டபம்கூட விசாரித்து வைத்திருந்தார். குலுக்கலில் பெயர் வராததால் 2023 மே மாதமே நியூ ஜெர்சியில் பதிவு செய்தோம். உரிமத்துக்கு எழுதிக்கொடுத்து எழுபத்திரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும், சாட்சி வேண்டும், அவ்வளவுதான். சாட்சி மச்சான். மாமி சக்கர நாற்காலியில். என் பக்கம் யாருமில்லை. அப்பா வாட்ஸ்அப் வீடியோவில், சட்டை போடாமல், தோளில் துண்டோடு, திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

மாமி என்ற சொல்லை முதலில் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் ஊரில் அது அக்ரகாரத்துச் சொல். அத்தை என்றுதான் வாயில் வரும். "அத்தை எண்டா எனக்கு ஆரோ மாதிரி இருக்கு தம்பி" என்று அவர் சொன்னதும் மாற்றிக்கொண்டேன்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். யாரும் நேராகக் கேட்காத, எல்லாரும் கேட்ட கேள்வி. பேப்பருக்காகக் கட்டிக்கொண்டாயா? 1990-ல் பீட்டர் வெயிர் இயக்கிய 'கிரீன் கார்ட்' படத்தைப் பார்த்துவிட்டு ஒரு நண்பன், பல்துலக்கும் பிரஷ் என்ன நிறம் என்றெல்லாம் கேட்பானாமே என்று சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் இரவில் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேர்மையான பதில் இதுதான்: ஆளைத் தீர்மானித்தது நான், தேதியைத் தீர்மானித்தது பேப்பர். ஜாதகம் பார்த்து நாள் குறிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு நாள் குறித்தது வேலை அனுமதி முடிகிற தேதி. இதில் எது அதிகப் புனிதம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பருத்த ஒரு கோப்பில் 'உண்மையான திருமணம்' என்று நிரூபிக்க உட்காரும்போது, அந்தத் தேதி உறுத்தும்.

ஜூன் மாதம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினோம். மனைவியின் மனு, என் விண்ணப்பம், வேலை அனுமதி, பயண அனுமதி. அப்போதைய கட்டணம் 535-ம் 1,225-ம், ஆக 1,760 டாலர். குடிமகனின் கணவன் அல்லது மனைவி என்றால் வருடாந்திர எண்ணிக்கை வரம்பு கிடையாது. வேலை வழியாகப் போகிற இந்தியர்களைப் போல நாட்டுக்கு இத்தனை சதவீதம் என்ற வரிசையில் பத்து இருபது வருடம் நிற்க வேண்டாம். அதனால்தான் பலருக்கு இது குறுக்குவழியாகத் தெரிகிறது. குறுக்குவழிதான். ஆனால் அந்த வழி நம் வீட்டுக்குள்ளே புகுந்துதான் போகிறது.

வருமானப் பக்கத்தில் சிக்கியது அங்கேதான். 'வீட்டில் எத்தனை பேர்' என்று ஒரு கட்டம். வறுமைக்கோட்டில் நூற்று இருபத்தைந்து சதவீதமாவது வருமானம் வேண்டும். 2023 கணக்குப்படி இரண்டு பேருக்கு 24,650 டாலர், மூன்று பேருக்கு 31,075. மனைவியின் பகுதிநேர வருமானம் ஏறக்குறைய 26,000. நாங்கள் இருவர் மட்டும் என்றால் தேறிவிடும். ஆனால் மாமியைத் தன்னைச் சார்ந்தவர் என்று இவள் வரிக்கணக்கில் காட்டியிருக்கிறாள், அதனால் மூவர்.

அந்தக் கட்டத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியைப் பார்த்துக்கொள்வதால் இவள் சம்பளம் குறைந்தது. மாமியைப் பார்த்துக்கொள்வதால்தான் காட்டவேண்டிய சம்பளம் கூடியது. படுக்கையில் கிடக்கிற ஒரு மனுஷி, ஒரே படிவத்தில் இரண்டு பக்கமும் இழுக்கிறார். மென்பொருளில் இதை ஒரே மாறியை இரண்டு இடத்தில் கழிக்கிற பிழை என்போம். இங்கே பிழை இல்லை, கணக்கு சரிதான். என் வேலை அந்த மாதத்தோடு முடிவதால் என் சம்பளத்தைக் காட்ட முடியாது. சேமிப்பைக் காட்டலாம். எங்கள் விஷயத்தில் குறைகிற தொகையைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும், அதாவது பதினைந்தாயிரத்துச் சொச்சம். அந்த வருடம்தான் கல்விக்கடனை முழுசாக அடைத்துத் தொலைத்திருந்தேன்.

"வரிக்கணக்கிலை என்ர பேரை எடுத்துவிடு பிள்ளை" என்று மாமி மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தது அடுக்களையில் நின்ற எனக்குக் கேட்டது. இவள் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் அண்ணனுக்கு போன் போட்டாள். மச்சான் கதை அப்படித்தான் ஆரம்பித்தது.

ஜூனிலிருந்து நவம்பர் வரை எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. இவள் மாடியில் கணினி முன்னால், நான் கீழே மாமியோடு. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதற்கு இடுப்பில் ஒரு பெல்ட் கட்டி, என் முட்டியை அவர் முட்டிக்கு முட்டுக்கொடுத்து, எண்ணி ஒரே தூக்காகத் தூக்க வேண்டும். எண்ணுவது அவர் பொறுப்பு. "ஒண்டு, ரெண்டு, மூண்டு." முதல் வாரம் நான் இரண்டிலேயே தூக்கிவிடுவேன். "உமக்கு அவசரம்" என்பார். பருத்தித்துறையில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவர். என் ஆங்கிலத்தைத் திருத்துவது பகலில் அவருக்கு ஒரு பொழுதுபோக்கு.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு எட்டரைக்குத் தம்பி அழைத்தான். ஊரில் சனிக்கிழமை காலை ஆறு மணி. அப்பா தூக்கத்திலேயே போயிருந்தார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நிரந்தர வதிவுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது, முன்கூட்டிப் பயண அனுமதி வாங்காமல் நாட்டைவிட்டுப் போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகப் பொருள். எச்-1பி, எல்-1 வைத்திருப்பவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. என்னைப் போல மாணவர் விசாவில் வந்து விண்ணப்பித்தவனுக்கு இல்லை. எங்கள் பயண அனுமதி ஜூனில் போட்ட மனுவோடு எங்கோ வரிசையில் கிடந்தது. அதாவது, மார்ச் மாதக் குலுக்கலில் என் பெயர் விழுந்திருந்தால் அப்பாவிடம் போய்ச்சேர ஒரு வழியாவது இருந்திருக்கும். ஒரு மகன் கொள்ளி வைப்பதும் வைக்காததும் அப்படி ஒரு இடத்தில் முடிவாகும் என்று நான் நினைத்ததில்லை.

"ஐஸ்பெட்டி சொல்லியிருக்கேன். எத்தனை நாள்னு மட்டும் சொல்லு, வச்சிருப்போம்" என்றான் தம்பி. சாவு மாதிரி அவசரத்துக்கு அலுவலகத்தில் நேரில் போய் அனுமதி கேட்கலாம். ஆனால் வெள்ளி இரவு யாரைக் கேட்பது? திங்கள்கிழமை போன் செய்து, அவர்கள் நாள் கொடுத்து... எனக்குத் தேதி சொல்லத் தெரியவில்லை. அம்மா போனை வாங்கினாள். "அவரை ஏம்ப்பா பெட்டியில போட்டு வைக்கணும். எடுத்துரட்டும். நீ அங்க சரி பண்ணிக்கோ." அவ்வளவுதான் பேசினாள்.

சனிக்கிழமை விடிகாலை ஆறரைக்கு, ஊரில் மாலை நான்கு மணிக்கு, சித்தப்பா மகன் பிடித்திருந்த போன் வழியாகப் பார்த்தேன். தம்பிதான் கொள்ளி வைத்தான். சுடுகாட்டில் சிக்னல் சரியில்லை. படம் நின்று நின்று வந்தது. குடம் உடைக்கிற இடத்தில் நின்றுபோனது, திரும்ப வரும்போது எல்லாரும் திரும்பி நடந்துகொண்டிருந்தார்கள். மாமி என் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இரவெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அப்பா 1995-ல் ஊரில் இறந்தபோது அவருக்கு அந்தச் செய்தி கடிதமாக வந்ததாம், பல வாரம் கழித்து. அதை அவர் சொல்லவில்லை, மனைவி பிறகு சொன்னாள்.

திங்கள்கிழமை அழைத்தேன். வியாழக்கிழமைக்கு நாள் கிடைத்தது. இறப்புக்கு ஆதாரம் கேட்டார்கள். வீட்டில் இறந்தவருக்கு ஆஸ்பத்திரிக் காகிதம் ஏது? இறப்புச் சான்றிதழ் வர நாளாகும். தம்பி விஏஓவைப் பிடித்துக் கையால் எழுதிய ஒரு சான்று, முத்திரையோடு வாங்கி அனுப்பினான். முழுக்கத் தமிழ். அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர், இது முழுமையானது, சரியானது, எனக்கு இதைச் செய்யத் தகுதி உண்டு என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். விண்ணப்பதாரரே செய்வதை வக்கீல் விரும்பவில்லை. மனைவிக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், வாசிப்பு எழுத்துக்கூட்டித்தான்.

"இஞ்சை கொண்டாரும்" என்றார் மாமி.

புதன் இரவு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். "கிராம நிர்வாக அலுவலர் எண்டா ஆர்? எங்கட விதானையார் மாதிரியோ?" ஆமாம் என்றேன். 'இயற்கை எய்தினார்' என்று எழுதியிருந்தது. நான் 'பாஸ்ட் அவே' என்று சொன்னேன். "இல்லை. 'டைட்' எண்டு போடும். கவர்ன்மென்டுக்கு எழுதேக்கை சாவைச் சாவு எண்டுதான் எழுதவேணும்." வலதுகை நன்றாக இருந்தது. இடதுகைதான் தாளை அழுத்திப் பிடிக்காது. அவர் எழுத எழுத, தாள் நகராமல் நான் பிடித்துக்கொண்டேன். அப்பாவின் பெயர், அவர் அப்பாவின் பெயர், கதவு எண், தெரு. எல்லாம் அந்தப் பழைய பள்ளிக்கூடச் சாய்வெழுத்தில். கீழே 'நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேர்ச்சி பெற்றவள்' என்ற வரி வந்ததும் என்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார். "இதுக்கு முப்பது வருசமாப் பிறகு இப்பத்தான் ஆரோ கேட்டிருக்கினம்."

அனுமதி கிடைத்தது. ஒன்பதாம் நாள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். அம்மா வாசலில் கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன். "பேப்பரெல்லாம் சரியா வச்சிருக்கியா, திரும்ப விடுவானா?" என்பதுதான் முதல் கேள்வி. பதினாறாம் நாள் காரியம் முடித்துத் திரும்பினேன். விமான நிலையத்தில் தனி அறையில் மூன்று மணி நேரம் உட்கார்த்தி வைத்து, பிறகு விட்டார்கள். பயண அனுமதி இருந்தாலும் உள்ளே விடுவது அந்த நேரத்து அதிகாரியின் முடிவு. வாசலில் நின்று மனு போடுகிறவன் நிலைதான்.

நவம்பரில் வேலை அனுமதி வந்தது. டல்லாஸில் பழைய கம்பெனியே எடுத்துக்கொண்டது, மாதத்தில் இரண்டு வாரம் அங்கே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மனைவியால் அம்மாவை விட்டு வர முடியாது. வக்கீல் பெருமூச்சு விட்டார். உண்மையான தம்பதிக்கு ஒரே கூரை என்பதுதான் எல்லாரும் எதிர்பார்க்கிற முதல் அடையாளம். எங்கள் கோப்பில் வீடு நியூ ஜெர்சி, சம்பளச் சீட்டு டெக்சாஸ், கல்யாணப் புகைப்படத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒருவருமில்லை. அப்பா வீடியோவில் இருந்த அந்தத் திரைப்படத்தைத்தான் 'மணமகனின் தந்தை' என்று குறித்துச் சேர்த்தோம். சட்டை போடாத என் அப்பா இப்போதும் அமெரிக்க அரசாங்கத்தின் ஏதோ ஒரு அலமாரியில் துண்டோடு இருக்கிறார்.

நேர்காணல் 2024 மே மாதத் தொடக்கத்தில். சேர்ந்து உட்காரவைத்து அரைமணி நேரம் கேட்டார். பிறகு இவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ஏன் இரண்டு ஊர் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். "உன் மாமியாருக்கு எந்தப் பக்கம் செயலிழந்தது?" என்றார். வாய் சொல்வதற்கு முன் என் உடம்பு சொல்லிவிட்டது. அவரைத் தூக்க நான் நிற்கிற மாதிரி, வலது முட்டியை முன்னால் வைத்து நாற்காலியில் நகர்ந்துவிட்டேன். அப்புறம்தான் "இடது" என்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார். பிரஷ் நிறத்தைக் கேட்கவில்லை.

கிடைத்தது. ஆனால் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகாததால் இரண்டு வருடத்துக்கான நிபந்தனை அட்டை. போலிக் கல்யாணங்களைத் தடுக்க 1986-ல் வந்த சட்டம் அது. அட்டை முடிவதற்கு முந்தைய தொண்ணூறு நாளுக்குள் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டு நிபந்தனையை நீக்கக் கேட்க வேண்டும். இந்த 'இருவரும் சேர்ந்து' என்ற சொல்லில் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் அடங்கிப் போயிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். டல்லாஸில் ஒரு பெண், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், புருஷன் குடிமகன். எந்தச் சண்டையும் "கையெழுத்துப் போடமாட்டேன், பாத்துக்கோ" என்பதில்தான் முடியும். கொடுமைக்கு உள்ளானவர்களும், நல்லெண்ணத்தோடு கட்டி விவாகரத்தானவர்களும் தனியாகவே மனு செய்யலாம் என்று சட்டத்தில் இருப்பது அவருக்கு நாலு வருடம் தெரியாது. தெரிந்த பிறகு ஆறு மாதத்தில் வெளியே வந்தார். சட்டம் 1994-ல் இன்னும் கொஞ்சம் இளகியது. 2009-ல் இன்னொன்று: அதுவரை, கட்டிய இரண்டு வருடத்துக்குள் மனு போட்ட குடிமகன் இறந்துபோனால் பெரும்பாலும் விதவையின் விண்ணப்பமும் கூடவே செத்தது. யாரோ சில பெண்கள் வருடக்கணக்கில் வழக்காடி மாற்றவைத்தார்கள்.

எங்கள் வீட்டில் அந்த மாதிரிச் சண்டை இல்லை. வேறு மாதிரி உண்டு. ஒருமுறை வாக்குவாதத்தில் இவள், "நான் உன்ர ஸ்பான்ஸர் இல்லை" என்றாள். நான் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அன்று முழுக்க அவளிடம் அடக்கமாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன் என்பது அவள் சொன்ன பிறகுதான் புரிந்தது. சண்டையில்கூடச் சமமாக நிற்கவில்லை என்பது அவள் குறை. அது நியாயம்தான். இரண்டு வருடம் அந்தப் பணிவை விட முயன்றுகொண்டிருக்கிறேன்.

வருகிற மே மாதத்தோடு அட்டை முடிகிறது. ஆதாரங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். கூட்டு வங்கிக் கணக்கு, காப்பீடு, வரிக்கணக்கு. வீட்டில் இப்போது இரண்டு பேர். மாமி கடந்த நவம்பரில் போய்விட்டார். மச்சான் அவர்கள் வழக்கப்படி மரண அறிவித்தல் போட்டார். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், காலஞ்சென்றவர்களின் மகள், இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு தாய் என்று நீள்கிற பட்டியலில், 'அன்பு மாமியாரும்' என்பதற்கு முன்னால் மச்சானின் மனைவி பெயரும் என் பெயரும். அச்சில் என் பெயரை அந்த வீட்டோடு சேர்த்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது, கண்டிப்பாகச் சேருங்கள்" என்கிறார் வக்கீல். ஆங்கிலத்தில் வேண்டும்.

நேற்று நானே உட்கார்ந்து வரி வரியாகச் செய்து பார்த்தேன். 'இறைவனடி சேர்ந்தார்' என்ற இடத்தில் 'டைட்' என்று போட்டேன். மனைவி பக்கத்தில் எழுத்துக்கூட்டி வாசித்துச் சரிபார்த்தாள். கீழே மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையெழுத்து, தேதி என்று மூன்று கோடு. அது இன்னும் காலியாக இருக்கிறது. மச்சானுக்குத் தமிழ் வாசிக்க வராது. எடிசனில் மாமியோடு கோயிலுக்குப் போகிற ஒரு அம்மா இருக்கிறார், அவரைக் கேட்கலாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும்.